டிராலியில் எவ்வளவு ஏற்றலாம்? வாசகர் கேள்விகள்

தள்ளுவண்டி பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தையில்.

கேள்வி: எங்கள் டிராலியில் 300 கிலோ என்று எழுதியிருக்கிறது. 300 வரை தாராளமாக ஏற்றலாம்தானே?

பதில்: அது வண்டியின் கணக்கு, தள்ளுகிறவரின் கணக்கு இல்லை. சமமான தரையில், நல்ல சக்கரத்தோடு, பாரம் தட்டு முழுக்கப் பரவியிருந்தால் வண்டி தாங்கும் எடை அது, அவ்வளவுதான். ஆளுக்கு வேறு அளவு. வண்டியைக் கிளப்பவோ நிறுத்தவோ ஆண்களுக்கு சுமார் 20 கிலோ விசை, பெண்களுக்கு 15, உருட்டிக்கொண்டே போக 10, 7 என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டி ஓர் அளவு சொல்கிறது. வழவழப்பான தரையில் மொத்த எடையில் குறைந்தது 2 சதவீத விசை வேண்டும். தரையோ சக்கரமோ மோசமாக இருந்தால் 10 சதவீதம் வரை போகும். போட்டுப் பாருங்கள்: 300 கிலோவுக்கு நல்ல தரையில் 6 கிலோ, அதே வண்டி குண்டும் குழியுமான இடத்துக்கு வந்ததும் 30. வண்டியின் சொந்த எடையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கேள்வி: பழைய வண்டி, எடை எழுதிய பிளேட் விழுந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தயாரித்தவரிடம் கேட்பதுதான் முறை. அதுவரை சக்கரத்தைப் பாருங்கள், பலவற்றில் தாங்கும் எடை பொறித்திருக்கும். ஒன்றுக்கு 100 கிலோ என்றால் நாலால் பெருக்காதீர்கள், மூன்றால் பெருக்குங்கள். தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலே நாலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் (ஆடுகிற ஸ்டூல் பார்த்திருப்பீர்களே, அதேதான்). வரும் 300-இல் வண்டியின் எடை 40 கிலோ போனால் மிச்சம் 260. இது சக்கரம் தாங்குவது. சட்டமும் அவ்வளவு தாங்கும் என்று நம்பி முழுசாக ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் எடை போட நேரமில்லை. பக்கவாட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் போதுமா?

பதில்: எப்போதும் ஒரே சரக்கு என்றால் நல்ல யோசனை. பலவிதச் சரக்கு என்றால் அந்தக் கோடே ஏமாற்றும். 500 தாள் கொண்ட சாதாரண ஏ4 கட்டு 2.5 கிலோ, ஐந்து கட்டுப் பெட்டி 12.5 கிலோ, இருபது பெட்டி அடுக்கினால் 250 கிலோ. அதே உயரத்துக்குக் காலி அட்டைப்பெட்டி அடுக்கினால் ஒரு கையால் தள்ளலாம். அதனால் கிலோவை விட்டுவிட்டு 'காகிதம் என்றால் இத்தனை பெட்டி' என்று எண்ணிக்கையாக வண்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். கனமானது அடியில், உயரம் கண்ணை மறைக்கக் கூடாது.

கேள்வி: உள்ளே சுலபமாக ஓடும் வண்டி ராம்ப்பில் மட்டும் ஏன் படுத்துகிறது?

பதில்: 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் மொத்தம் 400 கிலோ வண்டி பின்னால் உருளாமல் நிற்கவே சுமார் 33 கிலோ விசை வேண்டும். சமதளத்தில் அதை ஓட்ட 8 கிலோ போதும்! இறங்கும்போதும் அதே 33-ஐத்தான் நீங்கள் பிடித்து நிறுத்துகிறீர்கள். ஆகவே வழியில் ராம்ப் இருந்தால் அதை வைத்துத்தான் பாரத்தை முடிவுசெய்ய வேண்டும், பாதியாகப் பிரியுங்கள். அப்புறம், வண்டி கைமீறி ஓட ஆரம்பித்துவிட்டால் மறிக்கப் போகாதீர்கள், விலகிக்கொண்டு கத்துங்கள்.

கேள்வி: பாரம் குறைவுதான், ஆனாலும் ஒரு பக்கமாக இழுக்கிறது.

பதில்: சக்கரத்தில் நூலோ பேக்கிங் டேப்போ சுற்றியிருக்கும். வெட்டி எடுங்கள். அப்படியும் இழுத்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கேள்வி: எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் மலைபோல ஏற்றுகிறார்கள். அபராதம் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கிடங்கில் 'அதிக பாரம் ஏற்றாதீர்' என்று பெரிய பலகை மாட்டியும் ஒன்றும் மாறவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு காலை முழுக்க லிஃப்ட் வாசலில் நின்றேன். ஒரே லிஃப்ட், அதில் ஆளும் போகிறார்கள் சரக்கும் போகிறது, ஒருவர் வண்டியோடு பத்து நிமிடம் காத்திருந்து மேலே போனால் இறங்க இன்னொரு பத்து நிமிடம், பதினொரு மணிக்குள் சரக்கு மேலே இருக்க வேண்டும் என்று மேலாளர் வேறு போன் மேல் போன். மூன்று நடையை ஒரே நடையாக்காமல் அவர் என்ன செய்வார்? காலையில் இரண்டு மணி நேரம் லிஃப்ட்டைச் சரக்குக்கு மட்டும் ஒதுக்கச் சொன்னேன், கூடுதலாக இரண்டு டிராலி வாங்கினார்கள். பெட்டிகள் தலைக்கு மேலே போவது அந்த வாரமே குறைந்தது. பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.