குக்கர் இல்லாமல் சாதம் குழையாமல் வடிப்பது எப்படி?

வேளச்சேரியில் தனியாக அறை எடுத்திருக்கிறேன், ஒற்றை அடுப்பும் ஒரு பாத்திரமும்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். அது தாராளமாகப் போதும்.

ஒரு டம்ளர் புழுங்கல் பொன்னி இரண்டு பேருக்கு வரும். மூன்று தடவை களைந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள், அப்புறம் ஐந்து டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் அரிசியைப் போட வேண்டும், போட்டதும் ஒரு முறை கிளறிவிட்டால் அடியில் ஒட்டாது. முழுசாக மூடாதீர்கள், பொங்கி அடுப்பையே அணைத்துவிடும் (பட்டவன் சொல்கிறேன்). 20 நிமிடம் கழித்து ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிந்தால் இறக்கி, மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்துக் கஞ்சியை வடியுங்கள். பச்சரிசி என்றால் 12 நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம்.

குழம்பு வைக்க நேரமில்லையா? சூடான சாதத்தில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும், கூட ஒரு சுட்ட அப்பளம், அவ்வளவுதான். மிஞ்சியதில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வையுங்கள், சென்னை வெயிலுக்குக் காலையில் மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாயோடு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.