முருகைக்கல்லை உடைத்து வந்தவர்கள் மறுபடியும் திருகோணமலைக்கு வரலாமா?

கேள்வி: நாங்கள் ஹட்டன் பக்கம். சொந்தக்காரர், அயலவர் என்று 42 பேர் சேர்ந்து ஓகஸ்ட் விடுமுறையில் பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு வருவதாக இருக்கிறோம். இரண்டு நாள். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசை. மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது என் தம்பி புறாத்தீவுக் கடலுக்குள் இருந்து ஒரு முருகைக்கல் (பவளப்பாறை) கிளையை உடைத்துக்கொண்டு வந்தான். அது எங்கள் வீட்டு ஷோகேசில் இருக்கிறது. 14 வயது மகள் அதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, “நாங்கள் போகாமல் இருப்பதுதான் அந்த ஊருக்கு நல்லது, நான் வரமாட்டேன்” என்று அடம்பிடிக்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் எனக்கும் படுகிறது. வரலாமா? வந்தால் எப்படி வருவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹட்டன்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் மகளின் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் எடுத்த முடிவு பிழை. வாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் ஊருக்கு வருமானம் வருகிற மாதங்கள் கொஞ்சம்தான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் படுத்துக் கிடக்கும். பிறகு வாடை எழும்பி மழை பிடித்துவிட்டால் நிலாவெளியில் படகுகளைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த ஐந்து மாத உழைப்பை வைத்துத்தான் படகுக்காரரும், ஓட்டோ ஓட்டுகிறவரும், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிற அக்காவும் மிச்ச மாதங்களைக் கொண்டுபோகிறார்கள். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட கரை இது. ஆட்கள் வராமல் போன வருடங்களில் இங்கே அடுப்புகள் எப்படி எரிந்தன என்பதைப் பக்கத்து வீடுகளில் பார்த்தவள் நான். அதனால் வரவேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

எப்படி வருவது என்பதற்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வருகிற ஒவ்வொரு இடமும் இங்கே யாரோ புழங்குகிற இடம். உங்கள் தம்பிக்கு அது தெரியவில்லை. பெயரிலேயே கல் என்று இருப்பதால் கல்லைத்தான் உடைக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

அது கல் அல்ல. குண்டூசித் தலை அளவு சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக இருந்து, கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடு. கிளைவிட்டு வளரும் வகை வேகமானது என்பார்கள், அதுவே வருடத்துக்கு ஒரு சாண் வளராது. உருண்டையாகத் திரண்டு வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தப்பிவிட்டன. அப்படித் தப்பியவற்றைத்தான் இப்போது நாங்கள் காலால் மிதித்து உடைக்கிறோம்.

மிதிக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கச்சி. நீந்தத் தெரியாதவர்கள். முகமூடி போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடுவார்கள், குழாய்க்குள் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஏறும், பயம் வரும், உடனே கால் ஊன்றத் தேடும். கால் படுகிற இடம் முருகைக்கல். ஒரு மதியத்துக்குள் எத்தனை பேர் அப்படி எழும்பி நிற்கிறார்கள் என்று கரையில் இருந்து பார்த்தால் வயிறு எரியும். அதனால் தீவுக்குப் படகு ஏறுவதற்கு முந்தின நாள் மாலை, நிலாவெளியில் வெறும் மணல் உள்ள இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் முகமூடியைப் போட்டுப் பழகுங்கள். அரை மணி நேரம் போதும். பயம் தெளியாதவர்கள் தீவில் மணற்கரையிலேயே இருந்து காலை நனைக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. இறங்குகிறவர்கள் நீந்தத் தெரிந்தாலும் மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. மிதந்துகொண்டிருக்கிற உடம்புக்குக் கால் ஊன்றத் தோன்றாது.

வெயிலுக்குக் கிரீம் பூசுவதற்குப் பதிலாக நீளக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சில கிரீம்களில் இருக்கும் ஒக்சிபென்சோன் போன்ற பொருள்கள் முருகைக்கல்லுக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021இலிருந்து அவற்றின் விற்பனையையே நிறுத்தியிருக்கிறது. மீனுக்குப் பாண், பிஸ்கட் போடாதீர்கள். கரை ஒதுங்கிக் கிடக்கும் செத்த முருகைக்கல் துண்டையும் எடுக்காதீர்கள். அந்தத் தீவு 1963இலேயே சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான இடம். அப்புறம், 42 பேரும் ஒரே நேரத்தில் போய் இறங்க வேண்டாம். இரண்டாம் நாள் பாதிப் பேர் விடியவும் மற்றவர்கள் அவர்கள் திரும்பி வந்த பிறகுமாகப் பிரிந்து போங்கள். முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிருங்கள்.

கன்னியாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரருக்கு அது வெந்நீர்க் கிணறு. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றினால் உடம்பு அலுப்பெல்லாம் போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் கிரியைக்குப் போகிற இடமும் அதுதான். இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்தி வரவழைத்த ஊற்றுகள் என்பது ஐதீகம்.

என் அப்பாவின் காரியத்துக்கு நாங்கள் போயிருந்த காலை எனக்கு மறக்காது. மொட்டைத் தலையோடு அண்ணன் ஈர வேட்டியில் நின்றான். சுடுதண்ணீரில் குளித்தும் அவனுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. எந்தக் கிணறு கூடச் சுடும் என்று கத்திக் கத்திக் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒரு பெடியன் போனைப் பிடித்தபடி அண்ணனிடம், “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்தில விழுறீங்கள்” என்றான். அண்ணன் ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றான். அந்தப் பெடியன் வேண்டுமென்று செய்திருக்கமாட்டான். வாசலிலேயே யாராவது ஒருவர் அவனுக்குச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் வெளியே நின்றிருப்பான்.

உங்கள் பஸ்ஸில் அதைச் சொல்கிற ஆள் நீங்களாக இருங்கள். உள்ளே ஈர வேட்டியும் தர்ப்பையும் தெரிந்தால், அவர்கள் முடித்து வெளியேறும் வரை மர நிழலில் இருங்கள். சவர்க்காரம், ஷாம்பூ கொண்டுபோக வேண்டாம். கன்னியாவைப் பற்றிப் பௌத்தர்களிடம் வேறு வரலாறு உண்டு. அந்த வாதத்தை அங்கே நின்று யாரோடும் தொடங்க வேண்டாம். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், நாங்கள் மறுநாளும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்க வேண்டியவர்கள்.

கோணேசர் கோயிலில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, கோயில் ஆசாரம் தெரிந்த சனம் நீங்கள். மீன் சாப்பாட்டை மாலைக்கு வைத்துக்கொண்டு காலையிலேயே மலைக்குப் போய்விடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வழியில் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அந்தப் பக்கமும் போனைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் காட்டலாம்: சம்பந்தர் பதிகம் பாடிய அந்தப் பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதே கற்களைக் கொண்டுதான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1956இல் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தவர்கள் மலையடியில் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். மலையைப் பிளந்தது போல் இருக்கும் இராவணன் வெட்டில் நின்று கீழே பார்க்கிறபோது கீழே கிடப்பது என்ன என்று தெரிந்தால், கையில் இருக்கும் வெறும் போத்தலை அங்கிருந்து எறிய மனம் வராது.

போத்தல் என்றதும் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தண்ணீர்ப் போத்தல் என்று வைத்தாலும் 42 பேருக்கு இரண்டு நாளில் 252 போத்தல். அதில் பாதி பஸ்ஸுக்குத் திரும்பி வராது. கடைகளில் கிடைக்கிற பெரிய குடிதண்ணீர்ப் போத்தல்களை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பழைய போத்தலைக் கையில் கொடுத்துவிடுங்கள். சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017இலேயே தடை. ஆனாலும் இன்னும் எங்கேயாவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் வாங்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் மான்கள். கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருக்களிலும் புள்ளிமான்கள் ஆடு மாடு போலத் திரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் விடியற்காலை கடற்கரைத் தெருவில் ஒரு பெண்மான் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சோற்றுப் பார்சலின் பொலித்தீன். கறியின் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்ததால் பாதியை விழுங்கிவிட்டது. மிச்சப் பாதி வாயோரத்தில் மஞ்சள் நிறமாகத் தொங்குகிறது. இழுத்தெடுக்கக் கையை நீட்டினேன், அது ஓடிவிட்டது. வயிற்றுக்குள் போன பொலித்தீன் சமிக்காது, வெளியேயும் வராது. அது நிறைய நிறைய மானுக்குப் பசி எடுக்காது, அப்படியே மெலிந்து சாகும்.

ஓகஸ்டில் இன்னொன்றும் உண்டு. அது கச்சான் காற்றுக் காலம். காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும். கடற்கரையில் நீங்கள் விட்ட பை நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே கடலுக்குள் போயிருக்கும். அதனால்தான் கடற்கரையில் சமைக்க வேண்டாம் என்கிறேன். அடுப்பு, அண்டா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் நாளே சொல்லிவைத்தால் 42 பேருக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து தருகிற பெண்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தட்டை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், அல்லது வாழையிலை கேளுங்கள். உங்களுக்கு அண்டா கழுவுகிற வேலை மிச்சம், அவர்களுக்கு ஒரு வாரச் செலவு கையில் வரும். திரும்பும்போது எருமைத் தயிர் வாங்கினால் மண்சட்டியில் வாங்குங்கள், அந்தச் சட்டி வீட்டில் எதற்காவது ஆகும்.

காலையில் கடற்கரையில் நீளமாகக் கயிறு கிடந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தால் அது கரைவலை. கயிற்றை மிதிக்காமல், குறுக்கே ஓடாமல் ஒதுங்கி நில்லுங்கள். வலையின் மடி கரைக்கு வரும்வரை அவர்களுக்கு அன்றைய நாள் எப்படி என்று தெரியாது. அந்த நேரம் கண்ணுக்கு முன்னால் கமராவை நீட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மடி ஏறட்டும். பிறகு கேளுங்கள், அவர்களே மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடச் சொன்னால் பாடிக் காட்டவும் கூடும். நல்ல மீனாகப் பார்த்து அங்கேயே வாங்கி, சமைக்கிற அக்காவிடம் கொடுத்துவிடலாம்.

திமிங்கிலம் பார்க்கப் படகு பிடித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். “கிட்டப் போனால் கூடக் காசு தருகிறோம்” என்று ஓட்டியிடம் சொல்லாதீர்கள். அவருக்குக் கடலும் தெரியும், சட்டமும் தெரியும். நாம் நீட்டுகிற காசுக்காகத்தான் எஞ்சினைத் திருகி அதை விரட்டுகிறார். “தூரத்திலேயே நிறுத்துங்கள் அண்ணை, அது வரும்போது பார்ப்போம்” என்று நீங்களே சொன்னால் அவருக்கும் நிம்மதி.

வருகிற வழியில் ஹபரணை தாண்டியதும் தெருவோரம் யானை நிற்கும். பஸ்ஸை நிறுத்தி வாழைப்பழம் எறியாதீர்கள். தெருவில் தீனி கிடைக்கும் என்று பழகிய யானை ஒருநாள் சைக்கிளில் வருகிற மனிதரை மறிக்கும்.

சரி, அந்த ஷோகேசுக் கிளை. அதைத் திரும்பக் கொண்டுவந்து கடலில் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். செத்த கிளை போட்டு முளைக்காது. முருகைக்கல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஒன்று, வழியில் யாராவது பையைத் திறந்து கேட்டால் பதில் சொல்லவும் கஷ்டம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் ஷோகேசை விட்டு வெளியே வரட்டும். புறப்படுவதற்கு முந்தின இரவு 42 பேரும் எப்படியும் பணம் கணக்குப் பார்க்கவும், சீற் பிரிக்கவும் ஒரு வீட்டில் கூடுவீர்கள் அல்லவா? அந்தக் கிளையையும் ஒரு பூதக்கண்ணாடியையும் மகளின் கையில் கொடுத்துவிடுங்கள். கிளையெங்கும் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், ஒவ்வொன்றுக்குள்ளும் நட்சத்திரம் போல மெல்லிய கோடுகள் இருக்கும். ஒரு குழியில் ஓர் உயிர் இருந்தது என்று அவள் சொல்லட்டும். உங்கள் தம்பியை அவளுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதலில் அவர் எண்ணிப் பார்க்கட்டும், ஒரு விரல் நீளத்தில் எத்தனை குழி இருக்கிறதென்று.