நகரத்தில் குறைந்த செலவில் வீடு: சுவரைப் பொதுவாக வைத்தால் என்ன?

கேள்வி: சாமானியர் கைக்கு எட்டுகிற, சூழலுக்கும் கேடில்லாத வீடுகளை நகரத்துக்குள் எப்படிக் கட்டுவது?

பாளையங்கோட்டையில் கட்டட வேலை பார்ப்பவன் நான். சிமென்டுக்கு மாற்று தேடும் முன் இடத்தைப் பாருங்கள் என்பேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மனை வாங்கியே கையைக் காலி செய்துவிட்டு வருகிறவர்கள்.

20க்கு 40 மனையில் இரண்டு பக்கமும் மூன்றடி விட்டால் 240 சதுர அடி போச்சு. மொத்தமே 800தான்! அந்தச் சந்தில் உடைந்த வாளி கிடக்கும். திருநெல்வேலி டவுனின் பழைய தெருக்களில் தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அடுக்களை, முற்றம் என்று நீளவாக்கில் போகும் வீடுகளைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். செலவு ஆளுக்குப் பாதி. பக்கச் சுவரில் வெயில் படாததால் வீடு அவ்வளவு சூடாகாது. வெளிச்சத்துக்கு முற்றம் இருக்கிறது.

தகராறு வராதா? வரும். ஒருவர் இடித்துக் கட்டும்போதும், மாடி எடுக்கும்போதும்தான் பெரும்பாலும் வரும். சுவர் யார் யார் இடத்தில் எத்தனை அங்குலம், யார் பீம் ஏற்றலாம், ஒழுகினால் யார் செலவு என்று முதலிலேயே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், அண்ணன் தம்பியாகவே இருந்தாலும். ஒட்டிக் கட்ட எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. பிளான் போடும் முன் மாநகராட்சியில் கேளுங்கள்.

அப்புறம் கூரை. தளத்தின் அடிப்பகுதி கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, கம்பியைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அங்கே கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை வைத்தால் கான்கிரீட் மிச்சம், எடையும் குறையும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இப்படி நிறையக் கட்டினார். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் அவரது சுவரில் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். ஆனால் கல் ஒரே அளவாக இருக்க வேண்டும், பழகிய கொத்தனாரும் வேண்டும்.

சொந்த மனையில் கட்டும் ஏழைகளுக்குப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசின் பங்காக 1.5 லட்சம் கிடைக்கும். பட்டா இல்லாதவருக்கு அது எட்டாது.

மனை மலிவாகக் கிடைத்தால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. அந்த மட்டத்துக்கு மேல் பேஸ்மட்டம் ஏற்றும் செலவே, மனை விலையில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.