தாளக் கணக்கு இல்லாத ட்ரம்மர் எதை நம்பி வாசிக்கிறார்?

எழுதிவைத்த மெட்டும் இல்லை, எண்ணிவைத்த தாளமும் இல்லை என்றால் ஃப்ரீ ஜாஸ் எனும் கட்டற்ற ஜாஸ் இசையில் ட்ரம்மர் எதைப் பற்றிக்கொண்டு வாசிக்கிறார், அதை வைத்து வாழவும் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய ட்ரம்மரான மில்ஃபர்ட் கிரேவ்ஸின் வாசிப்பை நெடுங்காலமாகக் கேட்டுவருபவன் என்ற முறையில், அவருடைய வாழ்க்கையையே இதற்கு விடையாகச் சொல்வேன்.

1941இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்த கிரேவ்ஸ், இளமையில் லத்தீன் இசைக்குழுக்களில் வாசித்துத் தேறியவர்; தபலாவும் பயின்றவர். தாளம் கைவராமல் தாளத்தை விட்டவர் அல்லர் அவர். 1964இல் நியூயார்க் ஆர்ட் குவார்ட்டெட் என்ற ஃப்ரீ ஜாஸ் நால்வர் குழுவில் சேர்ந்த பிறகு, ட்ரம்மர் என்பவர் மற்றவர்களுக்குக் காலம் காட்டுபவர் என்ற வழக்கத்தையே கைவிட்டார். ட்ரம்களின் கீழ்ப்பக்கத் தோலைக் கழற்றிவிட்டு, ஸ்நேர் எனப்படும் கம்பிகள் எழுப்பும் சரசரப்பு ஒலியையும் ஒதுக்கினார். அதனால் ஒவ்வொரு ட்ரம்மும் தனித்தனிக் குரலில் பேசியது. மேல்தோலை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்க முடிந்தது. 1967இல் புகழ்பெற்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில், மற்றொரு சாக்ஸபோன் கலைஞரான ஆல்பர்ட் அய்லரின் குழு வாசித்தபோது ட்ரம்ஸில் இருந்தவர் இவரே.

கால்நடை மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த கிரேவ்ஸ், மருத்துவர்களின் பயிற்சிக்காகப் பதிவுசெய்யப்பட்ட இதய ஒலிகளைக் கேட்டு, அவற்றில் தமக்குப் பழக்கமான கைமுரசுத் தாளங்களைக் கண்டார். அதன்பின் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, பலருடைய இதயத்துடிப்பையும் பதிவுசெய்து, கணினியில் இட்டு ஆராய்ந்தார். நலமாக இருக்கும் இதயம்கூட தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் போல ஒரே இடைவெளியில் துடிப்பதில்லை. மூச்சுக்கு ஏற்பவும் உணர்ச்சிக்கு ஏற்பவும் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் நீண்டு குறுகிக்கொண்டே இருக்கிறது. அவர் பற்றிக்கொண்டது இந்த நெகிழ்வைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். 2018இல் அவருக்கே கடும் இதய நோய் கண்டறியப்பட்டது. 2021இல் மறையும்வரை தம் இதயத்தையும் அவர் ஆராய்ந்துவந்தார்.

பிழைப்பைப் பொறுத்தவரை, இசைத்தட்டு விற்பனை அவரைக் காப்பாற்றவில்லை. 1973 முதல் 2012 வரை வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் கற்பித்த வேலைதான் அவருக்கு நிலையான ஊன்றுகோல். இத்துறையில் பலருக்கும் ஏதேனும் ஒரு பக்கத்தொழில் தேவைப்பட்டிருக்கிறது.

கேட்கத் தொடங்குவதாயின், 1998இல் சாடிக் நிறுவனம் வெளியிட்ட அவருடைய தனி வாசிப்பு இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். பிற வாத்தியங்கள் குறுக்கிடாததால், ஒரு கை மற்றொரு கைக்கு மறுமொழி சொல்வதை அதில் தெளிவாகப் பின்தொடரலாம்.