மஞ்சளுக்கு இலவச அங்ககச் சான்று: ஏஜென்ட் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோபி பக்கம், கீழ்பவானி பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர். மஞ்சளும் வாழையும் வைக்கிறேன். யூரியா, பூச்சிமருந்தை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. மஞ்சள் கம்பெனி ஏஜென்ட் ஒருவர், "குழுவில் சேருங்கள், இலவசமாக அங்ககச் சான்று (ரசாயனம் போடாமல் விளைந்தது என்ற சான்று) வாங்கித் தருகிறோம்" என்று சிட்டா, ஆதார் நகலும் கையெழுத்தும் கேட்கிறார். பக்கத்து ஊரில் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் 1,000 ரூபாய் பங்கு போட்டால் சான்றுக்கு வழி செய்கிறோம் என்கிறது. அந்த நிறுவனம் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால் நம் பூமிக்கு வில்லங்கம் வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதில் சேர்வது?

பதில்: வீட்டில் சொல்லிவிடுங்கள், பூமிக்கு வில்லங்கம் வராது. உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது. உறுப்பினரின் பொறுப்பு அவர் எடுத்த பங்கோடு சரி. நிறுவனம் நொடித்தால் உங்கள் 1,000 ரூபாய் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆயிரத்தை வங்கி டெபாசிட் மாதிரி நினைக்க வேண்டாம். நினைத்தபோது திருப்பி எடுக்க முடியாது. இயக்குநர் குழு ஒப்புக்கொண்டால் இன்னொரு உறுப்பினருக்கு மாற்றலாம். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் வாரிசு நியமனமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை அந்த ஏஜென்ட் நீட்டும் தாள்தான். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சான்று யார் பெயரில் வரும்? பல விவசாயிகளைச் சேர்த்து எடுக்கும் குழுச் சான்றில் தாள் விவசாயி பெயரில் வராது, குழுவின் பெயரில் வரும், குழுவை நடத்துபவர் கையில் இருக்கும். நீங்கள் பட்டியலில் ஒரு வரி. நடத்துபவர் வியாபாரி என்றால், பெருந்துறையிலோ ஈரோட்டிலோ வேறு ஆள் நல்ல விலை சொன்னாலும் அந்த மஞ்சளை அங்ககம் என்று அவருக்கு விற்க முடியாது. சாதா மஞ்சளாகத்தான் போகும். மூன்று வருடம் களை பறித்து, சாணமும் பஞ்சகவ்யாவும் சுமந்தது நீங்கள், தாள் அவர் பீரோவில்! இலவசம் என்பதன் விலை இதுதான். பண்ணைப் பதிவேட்டையும் "நாங்களே எழுதிக்கொள்கிறோம்" என்பார்கள். விடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த வயலுக்கு என்ன போட்டோம் என்று நீங்களே எழுதி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். நாளைக்குக் குழுவை விட்டு வெளியே வந்தால் உங்கள் பக்கம் பேச அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும்.

உற்பத்தியாளர் நிறுவனத்தின் குழுவிலும் தாள் நிறுவனத்தின் பெயரில்தான் வரும். ஆனால் அங்கே உங்களுக்கு ஓட்டு உண்டு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான். அதற்காக எல்லா நிறுவனமும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் என்று இலக்கு வைத்தது. சமவெளியில் 300 பேர் சேர்ந்தால் போதும், நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை தந்தார்கள். விளைவு, பல இடங்களில் தலைக்கணக்கு காட்டவே ஆள் பிடித்தார்கள். பணம் நின்றதும் ஆபீஸ் பூட்டு. மேலே இருப்பவர்கள் எத்தனை நிறுவனம் பதிவானது என்று கேட்பார்களே தவிர, எத்தனை மூட்டை விற்றது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனவே பங்கு போடும் முன் கடைசிப் பொதுக்குழு எப்போது நடந்தது, இயக்குநர்களில் எத்தனை பேர் நிஜமாகவே தோட்டம் செய்கிறார்கள், எத்தனை பேர் மண்டிக்காரரின் மச்சான் மாப்பிள்ளை என்று விசாரியுங்கள். பங்குக்கு ஈடாக அரசு உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை தருவது நிறுவனத்துக்குப் போகும் பணம். உங்கள் கணக்கில் விழும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் சிட்டாவில் அண்ணன் தம்பி பெயரும் இருக்கிறதா? கூட்டுப் பட்டா என்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பங்கில் நீங்கள் எதுவும் தெளிக்காமல், வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி மருந்தடித்தால், ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். எது உங்கள் பாகம் என்று வரைபடத்தில் குறித்து, மற்றவர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். நடுவில் இடைவெளி விடுங்கள். தம்பி வயலைத் தாண்டித்தான் தண்ணீர் உங்களுக்கு வருகிறது என்றால் அதையும் வரைபடத்தில் காட்டுங்கள். பட்டா பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், நம் தாலுகா ஆபீஸ் வேகத்துக்கு உங்கள் பேரன்தான் சான்று வாங்குவான்.

கம்பெனியும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம் என்றால், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் பிஜிஎஸ் என்கிற பங்கேற்புச் சான்று எடுக்கலாம். ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்ப்பது, கட்டணம் கிடையாது. ஏற்றுமதிக்கு மட்டும் செல்லாது. ஏற்றுமதிக்குச் செல்லும் சான்றைக் குழு இல்லாமல் தனி ஆளாகவும் எடுக்கலாம். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றுத் துறைக்கு மாவட்ட அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் மஞ்சளை வேகவைக்கும் இடத்தில் கவனம். வாடகை பாய்லரிலும் பாலிஷ் டிரம்மிலும் உங்களுக்கு முன்னால் யாருடைய மஞ்சள் ஓடியதோ தெரியாது, கழுவச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். காலி யூரியாச் சாக்கில் விரலி மஞ்சளைக் கட்டி வைக்காதீர்கள்.

அப்புறம், வருகிற மாசி அறுப்புக்கே அங்கக விலை தருவதாக ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்றுமதிச் சான்றில் மஞ்சள் மாதிரிப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம் மாற்றக் காலம், அதாவது ரசாயனம் இல்லாமல் பயிர் செய்து காட்ட வேண்டிய காலம். நீங்கள் ஏற்கெனவே மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தைக் கணக்கில் எடுப்பது சான்று தருபவரின் முடிவு. அதற்கும் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.