கேள்வி – பதில்: படிக்கிற பிள்ளைக்குக் கையால் பூட்டும் கம்ப்யூட்டர்

மகள் மொறட்டுவைக்குப் பொறியியல் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். பாகங்களாக வாங்கித் தானே பூட்டுவேன் என்கிறாள். யூனிட்டி பிளாசாவில் மூன்று கடைகளில் விலைப்பட்டியல் எடுத்தோம். மூன்றிலும் பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகிறது. அது கட்டாயம் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

இப்போதைக்கு வேண்டாம். பைத்தன், மட்லாப், ஆட்டோகேடில் தட்டை வரைபடம் எல்லாம் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் ஓடும். பெரிய முப்பரிமாண வேலை வரும் வருடத்தில் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அதற்கு இடம் விட்டு இன்று வாங்குவதுதான் கெட்டித்தனம்.

பட்டியலில் ப்ராசஸரின் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜியில் 6 கோர் (கணக்குப் போடும் மையம்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. 'ஜி' இல்லாத 5600இல் அது இல்லை. இன்டெல்லில் ஐ3-12100இல் உண்டு, 12100எஃப்இல் இல்லை. 'எஃப்' பெரும்பாலும் சற்று மலிவு. அதை வாங்கிக் கார்டு இல்லாமல் பூட்டினால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. விலை கட்டுப்படியாகுமென்றால் எங்கள் தெரிவு 5600ஜி.

ரேம் 16 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். அதையும் 8 ஜி.பி. துண்டு இரண்டாக வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒற்றைத் துண்டென்றால் தரவு போய்வர ஒரே பாதை, இரண்டென்றால் இரண்டு பாதை. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, உண்மைதான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கண்ணாடிக் கேசிங்கிலும் வண்ண விளக்கிலும் பிடியுங்கள்.

மதர்போர்டில் 5600ஜிக்கு ஏ520 வகை போதும், ஆனால் நான்கு ரேம் துளை உள்ளதாகப் பாருங்கள். இரண்டே துளை என்றால் நாளைக்கு ரேம் கூட்டும்போது பழைய துண்டுகளைக் கழற்றி எறிய வேண்டிவரும். பழைய பி450 வகைப் போர்ட் மலிவாகக் கிடைத்தால், பயோஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துத்தான் தருவார்களா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் 5600ஜியை அது அடையாளம் காணாமல் போகலாம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில், போர்டிலேயே நேராகச் செருகும் என்.வி.எம்.ஈ. வகை 500 ஜி.பி. எடுங்கள். அதன் இணைப்பு வேகம் (பி.சி.ஐ.ஈ.) நான்காம் தலைமுறை என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், 5600ஜி மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் பேசும்.

கேசிங்கோடு 500 வாட் பவர் சப்ளை இலவசம் என்கிறார்கள். தனியாக ஏன் வாங்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

அந்தப் பவர் சப்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர்? வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். 18 அம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான். வெளியே எழுதிய 500 வெறும் அலங்காரம். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான்.

கார்டு இல்லாத கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது, அப்படியானால் 216 போதாதா என்று கேட்பீர்கள். வாட் போதும், பாதுகாப்புத்தான் போதாது. அளவுமீறிய வோல்ட்டேஜையும் ஷோர்ட்டையும் கண்டவுடன் தன்னை நிறுத்திக்கொள்ளும் சுற்றுகளில்தான் மலிவுப் பெட்டிகள் கைவைக்கின்றன. கரண்ட் போய்த் திரும்ப வரும் கணத்தில் அப்படியொன்று செத்தால், சில வேளை போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகும். வேறெதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் மட்டும் கூடாது. பெயருள்ள நிறுவனத்தின் 500 வாட், 80 பிளஸ் பிரோன்ஸ், 6+2 ஊசிக் கேபிள் உள்ளதாக எடுங்கள். அந்தக் கேபிள்தான் பின்னாளில் கார்டுக்கு வேண்டியது. 80 பிளஸ் முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே. ஆகவே அது ஒட்டியிருப்பதெல்லாம் நல்லதென்று நம்பிவிடவும் வேண்டாம்.

யூ.பி.எஸ். வாங்கினால் 650 வி.ஏ. என்பதை 650 வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் 360, 390 வாட்தான். வேலையைச் சேமித்து அணைக்க அது தாராளம். லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது.

எல்லாம் பூட்டிவிட்டேன். விசிறி சுற்றுகிறது, மொனிட்டரில் 'சிக்னல் இல்லை' என்கிறது.
– மாணவர், தெமட்டகொடை

முதலில் ப்ராசஸருக்கான 8 ஊசிக் கேபிள். போர்டின் மேல் மூலையில், கேசிங்கின் ஓரத்தோடு ஒட்டி இருப்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். 24 ஊசிக் கேபிள் மட்டும் இருந்தாலும் விசிறி சுற்றும், அதுதான் ஏமாற்றுகிறது. அடுத்தது ரேம்: 'டிக்' என்று சத்தம் வரும்வரை இரு முனையிலும் அழுத்த வேண்டும். அதுவும் சரியென்றால் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாம் துளையில் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஓடுமென்றால் அவை இரண்டாம், நான்காம் துளைகளில் இருக்க வேண்டும். பழைய வி.ஜி.ஏ. மொனிட்டர் என்றால், எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து வெறும் கேபிள் இழுத்தால் படம் வராது; சிக்னலை மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும்.

கேசிங்கின் பித்தளைத் தாங்கிகளையும் எண்ணிப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் அடியில் ஷோர்ட் ஆகும்.

ஒருவேளை ப்ராசஸரின் மேலுள்ள கூலரைக் கழற்ற வேண்டி வந்தால் நேரே மேலே இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் இறுகிப்போய் ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், 5600ஜி போன்ற ஏ.எம்.4 ப்ராசஸர்களின் அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

16 ஜி.பி. ரேம் போட்டேன். விண்டோஸ் 13.9 தான் பாவிக்கலாம் என்கிறது. 3200 என்று வாங்கியது 2666 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– மாணவி, தெஹிவளை

இல்லை. 2 ஜி.பி. கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பயோஸில் அதைக் குறைக்கலாம். வேகத்துக்கும் அங்கேயே எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்பதை (ரேமை அதில் எழுதிய வேகத்திலேயே ஓடவைக்கும் தெரிவு) ஒன் செய்யுங்கள்.

புறக்கோட்டையில் பாவித்த அலுவலகக் கம்ப்யூட்டர் மலிவாக இருக்கிறதே?
– வாசகர், மருதானை

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது என்றால் யோசிக்கலாம். ஐ5-6500, 7500 போன்றவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போதுமென்ற பிள்ளைக்கு அவையும் ஓடும். ஒல்லிக் கேசிங் உள்ளதைத் தவிருங்கள். அதன் பவர் சப்ளை தனி வடிவம், பழுதானால் சாதாரணமானது பொருந்தாது.

வொரன்டி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பில்லின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தை. பல கடைகளில் ஒரு வருடம் என்றால் 350 நாள். எரிந்த தழும்பும் துருவும் வொரன்டிக்குள் வராது என்றும் இருக்கும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இந்தத் துரு வரியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். உப்புக் காற்று வரும் ஜன்னலடியில் கேசிங்கை வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். தூசியில் ஈரம் தங்கித்தான் போர்டில் பச்சை பிடிக்கிறது. சீரியல் இலக்கம் பில்லிலும் பொருளிலும் ஒன்றா என்று கடையை விட்டு இறங்குமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பத்தில் பில்லின் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.