பழைய பத்திரிகை விளம்பரங்களிலிருந்து அன்றாட வாழ்க்கையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே தெரிந்துகொள்ளலாம். தலைப்புச் செய்தி சொல்லாததை மூலையிலுள்ள சிறு விளம்பரம் சொல்லிவிடும்.

சுதந்திரத்துக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றைப் புரட்டுங்கள். லேகியம், கூந்தல் தைலம், கைக்கடிகாரம் என எதன் கீழும் ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ என்ற வரி அடிக்கடி வரும். வி.பி.பி. (Value Payable Post) என்றால் பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார். பணத்தை அவரிடமே கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். கடை இல்லாத ஊர்களுக்குத் தபாலாபீஸ்தான் கடைவீதி! முன்பின் தெரியாத வியாபாரிக்கு முன்பணம் அனுப்ப மக்கள் தயங்கினார்கள் என்பதும் இதில் புரிகிறது. ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும்.

அப்புறம் விலை. அணாக் கணக்கு பைசாக் கணக்காக மாறியதையும் விளம்பரங்களில் பார்க்கலாம். 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது 100 நயா பைசா ஆனது. ஓரணா என்றால் ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயமே கிடையாது. அரையணா, ஓரணா என்று சில்லறைச் சாமான் வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குழப்பமாக இருந்திருக்கும்!

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. விளம்பரம் காட்டுவது மக்கள் வாங்கியதை அல்ல, வியாபாரிகள் அவர்களை வாங்கவைக்க விரும்பியதை. பத்திரிகை வாங்க வசதியில்லாத வீடுகளின் அடுப்படி அதில் தெரியாது.